துளசி வைத்த டப்பா

மம்சாபுரத்தில் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பால்கோவாவுக்குப் பெயர் போன ஸ்ரீவில்லிபுத்தூர் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும், தானே கிண்டினால்தான் அவளுக்குத் திருப்தி. கூடத்தில் அவள் பெண், பி.எஸ்ஸி. மாணவி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அழாத குறையாக உட்கார்ந்திருந்தாள்.

"நிக்கல்னு எழுதி ஒரு அம்பு போடறாங்க, சித்தி. அங்கே அது என்னதான் செய்யுதுன்னு யாரும் சொல்றதில்லை. எத்தனை நாள் உருப்போடறது? வேற பாடத்துக்கு மாறிடலாம்னு பார்க்கிறேன்."

கொல்லையில் துளசிச் செடி நின்றது ஒரு பழைய டால்டா டப்பாவில்! பெண்ணை அங்கே அழைத்துப் போனேன்.

எண்ணெயில் நீண்ட கரிச் சங்கிலிகள் உண்டு. அவற்றில் இரட்டைப் பிணைப்பு உள்ள இடத்தில் சங்கிலி வளைந்திருக்கும். கோணல் விறகை நெருக்கி அடுக்க முடியுமா? அதனால்தான் எண்ணெய் உறையாமல் ஓடுகிறது. அந்த இடத்தில் ஹைட்ரஜனைச் சேர்த்தால் சங்கிலி நிமிரும், எண்ணெய் கெட்டியாகும். ஆனால் ஹைட்ரஜன் லேசில் சேராது. அங்கேதான் நிக்கல் தூள் வருகிறது, கல்யாணத் தரகர் மாதிரி! ஹைட்ரஜனைத் தன்மேல் பிரித்துப் பிடித்துக்கொள்கிறது. எண்ணெயையும் அருகே இருத்திச் சேர்த்து வைக்கிறது. காரியம் முடிந்ததும் வடிகட்டி எடுத்துவிடலாம். தரகுகூடக் கேட்பதில்லை.

1897-ல் பிரான்ஸில் ஸபாத்தியே இந்த வித்தையை வாயுக்களில் கண்டார். 1912-ல் நோபல் பரிசு பெற்றார். 1902-ல் ஜெர்மனியில் நார்மன் அதை எண்ணெய்க்குக் கொண்டு வந்தார். 1937-ல் டால்டா நம் அடுப்பங்கரைக்குள் நுழைந்தது.

"அப்படின்னா டாக்டருங்க ஏன் வேண்டாங்கறாங்க?" கரண்டியும் கையுமாக அக்கா வந்து நின்றாள்.

தரகர் கொண்டு வரும் சம்பந்தமெல்லாம் முடிந்துவிடுகிறதா, என்ன? சில சங்கிலிகள் ஹைட்ரஜனை ஏற்காமலே, வடிவம் மட்டும் மாறித் திரும்பிவிடும். அதுதான் டிரான்ஸ் கொழுப்பு. கெட்ட கொலஸ்டிராலை ஏற்றும், நல்லதை இறக்கும், இருதயத்துக்கு ஆகாது. எண்ணெய், வனஸ்பதியில் அது நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் கூடாதென்று 2022 முதல் நம் நாட்டில் விதி.

"நெய்யிலே இதைக் கலந்துட்டா?"

அதற்காகத்தான் வனஸ்பதியில் நல்லெண்ணெய் சேர்க்கச் சட்டம் செய்தார்கள். அமிலமும் ஃபர்ஃபூராலும் விட்டுக் குலுக்கினால், கலப்பட நெய்யில் அந்த நல்லெண்ணெய் சிவந்து காட்டிக் கொடுத்துவிடும். (வீட்டில் வேண்டாம், அமிலம் பொல்லாதது!)

பெண் புத்தகத்தைத் திறந்திருந்தாள். "இந்த அம்பு மேலே பல்லேடியம்னு இருக்கு. இது எந்தத் தரகர், சித்தி?"

"கரியையும் கரியையும் சேர்த்து வைக்கிற தரகர். 2010-ல் மூன்று பேருக்கு நோபல் வாங்கிக் கொடுத்தவர்" என்று ஆரம்பித்தேன்.

அதற்குள் அடுக்களையிலிருந்து பால்கோவா அடிப்பிடித்த வாசனை!