விரலுக்கேற்ற வெள்ளி மோதிரம்

வீங்கிய விரலில் இறுகிப்போன மோதிரத்தை வெட்டி எடுக்க நேர்வது மருத்துவமனைகளில் அரிதன்று. எங்கள் மூட்டுவாதப் பிரிவில் சிகிச்சை பெறும் ஓர் அம்மையாருக்கும் அது நேர்ந்தது. முடக்குவாதம் தீவிரமடைந்திருந்த ஒரு நாளில் அவருடைய மோதிர விரல் நீலம் பாயத் தொடங்கவே, திருமண மோதிரத்தை அறுத்து எடுத்தோம். விரல் பிழைத்தது. அடுத்த ஓராண்டில் மருந்துகளால் வீக்கமும் வலியும் வெகுவாக அடங்கின. ஆயினும், தையல் தொழில் செய்துவந்த அந்தக் கைகளை அவர் மடியிலேயே வைத்திருந்தார். "இந்தக் கையால இனி என்ன டாக்டர் ஆகப்போகுது?" என்பதே ஒவ்வொரு முறையும் அவர் கேட்ட கேள்வி.

அக்கேள்விக்கு மருந்துச் சீட்டில் விடையில்லை. ஆகவே, கைப்பயிற்சி அளிக்கும் சிகிச்சையாளருடன் சேர்ந்து, நோயாளிகள் சிலரோடு நாங்களும் வெள்ளிக் களிமண்ணில் நகை செய்யக் கற்றோம்.

களிமண்ணா, வெள்ளியா?

உலோகக் களிமண்ணை 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கியது ஜப்பானின் மிட்சுபிஷி மெட்டீரியல்ஸ் நிறுவனம். மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள், நீர், எரியக்கூடிய கரிமப் பசை ஆகிய மூன்றும் சேர்ந்ததே இது. சூளையில் சுடும்போது பசை எரிந்துபோகிறது. துகள்கள் உருகாமலேயே ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன. வெள்ளியின் உருகுநிலை ஏறத்தாழ 962 டிகிரி செல்சியஸ். களிமண்ணின் வகையைப் பொறுத்து, சூளையின் வெப்பம் 600 முதல் 900 டிகிரி வரை இருந்தால் போதும். இறுதியில் எஞ்சுவது தூய வெள்ளி.

பொற்கொல்லர் பல ஆண்டுகள் பழகிக் கைவரப்பெறும் சுத்தியல் வேலையும் பற்றவைப்பும் இதில் தேவையில்லை. மாவு பிசையும் அளவு வலு இருந்தால் போதும். வலுக்குன்றிய கைகளுக்கு இது பொருந்துவது அதனால்தான்.

செய்யும் முறை

கையில் ஒட்டாதிருக்க, உள்ளங்கையில் சிறிது எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். களிமண்ணின் இருபுறமும் ஐந்தைந்து சீட்டுக்கட்டு அட்டைகளை அடுக்கி, அவற்றின் மேல் உருளையை உருட்டினால், சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் சீரான தகடு கிடைக்கும். இலை நரம்பையோ சரிகைத் துணியையோ அதன்மேல் அழுத்தினால் அந்த வடிவம் அப்படியே பதியும். களிமண் விரைவில் காய்ந்துவிடும். பயன்படுத்தாத பகுதியைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைக்க வேண்டும்.

வடிவமைத்ததை முழுமையாக உலர்த்துவது முக்கியம். ஈரம் எஞ்சியிருந்தால் சூளையில் வெடிப்பு உண்டாகும். இளஞ்சூட்டில் உலர்த்திய துண்டை எவர்சில்வர் தட்டில் சில நொடிகள் வைத்து எடுங்கள். தட்டில் ஆவி படிந்தால் இன்னும் உலரவில்லை என்று பொருள். உலர்ந்த பின் உப்புத்தாளால் மென்மையாகத் தேய்த்துச் சுட வேண்டும். சூளையிலிருந்து வெளிவரும்போது அது சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கலாக இருக்கும். பித்தளைக் கம்பிப் பிரஷால் தேய்க்கத் தேய்க்க வெள்ளியின் ஒளி வெளிப்படும்.

சுருங்கிய மோதிரம்

அந்த அம்மையார் மோதிரம்தான் செய்வேன் என்றார். விரலின் அடியை அளந்தால் போதாது. வீங்கிய மூட்டைக் கடந்து மோதிரம் இறங்க வேண்டும். மூட்டின் சுற்றளவு 63 மில்லிமீட்டர். அதே அளவில் களிமண்ணை வளைத்தார். நாங்கள் அருகிலிருந்தும் தவற்றைக் கவனிக்கவில்லை. இக்களிமண் சுடும்போது சுருங்கும். நாங்கள் பயன்படுத்திய வகை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சுருங்கியது. வெளிவந்த மோதிரம் 57 மில்லிமீட்டராகி மூட்டிலேயே நின்றுவிட்டது.

அவர் அதை மேசைமேல் வைத்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. கைவிட்டுவிடுவார் என்றே அஞ்சினோம். மறுவாரம் அவர் ஒரு தாளில் கணக்கெழுதி வந்தார். தையற்காரர் அல்லவா? துவைத்தால் சுருங்கும் துணிக்கு அளவு கூட்டி வெட்டுவது அவருக்குப் புதிதல்ல. 70 மில்லிமீட்டரில் வளைத்தால் 63-இல் வந்து நிற்கும் என்றார், அவ்வாறே நின்றது.

கவனிக்க வேண்டியவை

இது மருந்துக்கு மாற்றன்று, மூட்டுவாதத்தைக் குணமாக்குவதுமில்லை. கைகளை மீண்டும் நம்பிப் பயன்படுத்த உதவும் ஒரு பயிற்சி மட்டுமே.

• மூட்டு சிவந்து வீங்கியுள்ள நாட்களில் செய்யாதீர்கள். மற்ற நாட்களிலும் அடிக்கடி ஓய்வு கொடுங்கள்.
• விரல் நுனியால் இறுகப் பிடிப்பதைத் தவிர்த்து, உள்ளங்கையால் உருட்டுங்கள். கருவிகளின் கைப்பிடியில் ஸ்பாஞ்ச் சுற்றித் தடிமனாக்கிக்கொள்ளலாம்.
• நீரிழிவாலோ புற்றுநோய் மருந்துகளாலோ கை மரத்திருப்பவர்கள் சூடுபடுவதை உணரமாட்டார்கள். சுடும் வேலையைப் பிறரிடம் விடுங்கள்.
• ஆக்சிஜன் பயன்படுத்துவோர் தீச்சுடர் அருகே செல்லவே கூடாது.
• நுரையீரல் நோயுள்ளவர்கள் உப்புத்தாளால் தேய்க்கும் தூசியையும் சுடும்போது எழும் புகையையும் தவிர்க்க வேண்டும்.
• ரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோர் கூர்மையான கத்தியைப் பயன்படுத்த வேண்டாம்.
• இதற்குப் பயன்படுத்திய உருளையையும் தட்டையும் மீண்டும் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

எந்த மோதிரமாயினும், விரல் வீங்கத் தொடங்கும்போதே கழற்றிவிடுங்கள். கழலவில்லையெனில் காத்திராமல் மருத்துவமனைக்கு வாருங்கள்.

அந்த அம்மையார் தினமும் இரவில் தம் மோதிரத்தைக் கழற்றி வைக்கிறார். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் அது மூட்டில் தடுத்தால், வலி பெருகும்வரை காத்திராமல் எங்களை அழைக்கிறார். சென்ற முறை வந்தபோது நாற்காலியில் அமருமுன்னே மோதிரத்தை உருவிக் காட்டினார். "பாருங்க டாக்டர், சுலபமா கழலுது" என்றார். தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டிருப்பதாகவும் சொன்னார்.