காவல்காரன் கடித்தால்...?

பெரம்பலூருக்குப் பக்கத்தில் உள்ள சிறுவாச்சூர் தெரியுமா? திங்கள், வெள்ளிக் கிழமைகளில் மதுரகாளியம்மன் கோயிலுக்குக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வருவார்கள். அந்த ஊரில்தான் உங்கள் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் காவலுக்கு ஒரு ராஜபாளையம் நாய். பக்கத்து வீட்டுப் பையன் பந்தை எடுக்க உள்ளே ஓடி வருகிறான். 'லபக்'கென்று அவன் கையைக் கடித்துவிடுகிறது!

'பெரியவங்களுக்குத் தெரிஞ்சா நாயை விரட்டிடுவாங்க. யார்கிட்டயும் சொல்லாதேடா' என்று மறைத்துவிடுவீர்களா? கூடவே கூடாது!

முதலில் நண்பன்!

கடிபட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்கக் கூடாது. உடனே பெரியவர்களிடம் சொல்லி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஊசியை டாக்டர் சொன்ன நாட்களில் தவறாமல் போட வேண்டும். சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள். வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. ஆனால், சரியான நேரத்தில் ஊசி போட்டால் தடுத்துவிடலாம்.

1885-ம் ஆண்டு, ஜூலை 6-ந் தேதி. வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுப் பையனுக்கு, பிரான்சில் லூயி பாஸ்டரின் தடுப்பு மருந்து கொடுக்கப்பட்டது. பையன் பிழைத்தான். நம் குன்னூரிலும் 1907-ல் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது.

நாய் என்ன ஆகும்?

நாயைப் பத்திரமாகக் கட்டி வைத்து, 10 நாட்கள் கவனிக்க வேண்டும். கால்நடை டாக்டரிடமும் காட்ட வேண்டும். 'நாய் நல்லாத்தானே இருக்கு' என்று நண்பனின் ஊசியை மட்டும் தள்ளிப் போடக் கூடாது.

ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால்தலையே வெளியிட்டார்கள். வேட்டைக்கும் காவலுக்கும் பேர்போன இனம் அது. ஓடி வருகிறவன் நண்பனா, திருடனா என்று அதற்கு எப்படித் தெரியும்? உடம்பு வலித்தாலும், சாப்பிடும்போது தொட்டாலும், நாள் முழுக்கக் கட்டியே போட்டாலும்கூட நாய் கடிக்கலாம்.

அதற்காக அடிக்கலாமா? அடித்தால் பயமும் கோபமும்தான் கூடும். வேறு ஊரில் கொண்டுபோய் விட்டுவிடலாமா? அங்கேயும் குழந்தைகள் இருக்கிறார்களே! பட்டினியில் வாடும்படி நாயைக் கைவிடுவது 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

பொறுப்பு யாருக்கு?

2024 மே மாதம் சென்னையில், ஒரு மாநகராட்சிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. போலீஸ் கைது செய்தது யாரைத் தெரியுமா? நாய்களின் உரிமையாளரை!

எனவே, கேட்டைத் தாழ் போடுங்கள். விருந்தாளி வருமுன் நாயைத் தனி இடத்தில் அடைக்கச் சொல்லுங்கள். வெளியே போகும்போது சங்கிலியும் வாய்மூடியும் வேண்டும். பிடித்துப் போவது பெரியவராக இருக்க வேண்டும். ஆண்டுதோறும் தடுப்பூசி அவசியம்.

இவ்வளவு செய்தும் மறுபடி கடிக்கிறதா? அப்பா, அம்மா, கால்நடை டாக்டர் மூவரும் கலந்து முடிவு எடுக்கட்டும். நாய் வளர்த்துப் பழகிய ஒருவரிடம் கொடுப்பதானால், அது கடித்ததை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

வீட்டைக் காப்பது நாயின் வேலை. நாயிடமிருந்து நண்பனைக் காப்பதும், நாயைக் கைவிடாமல் இருப்பதும் நம் வேலை. சரிதானே குட்டீஸ்?