இழந்த நிலமும் இழக்காத கையும்

அரியாலையின் கிழக்குப் பக்கம், கடல்நீரேரியை அண்டிய ஒரு வளவில், ஒருநாள் மாலை சில குடும்பங்களோடு சுயதொழில் பற்றிக் கலந்துரையாடிக்கொண்டிருந்தோம். பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார்.

"சுவாமி, தொண்ணூறாம் ஆண்டு வலிகாமம் வடக்காலை வெளிக்கிடேக்கை எனக்கு இருபத்தைஞ்சு வயசு. மூண்டு பரப்பு வெங்காயம் கிண்டாமல் விட்டிட்டு வந்தனான். இப்ப அறுபது. இனி என்னத்தைத் தொடங்கிறது?"

எவரும் சிரிக்கவில்லை. பலருடைய மனதில் இருந்த கேள்வி அது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, இதே அரியாலை வழியாகத்தான் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் செம்மணியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து நடந்தார்கள். அந்த நடை பலருடைய மனதில் இன்னும் முடியவில்லை. பெரியவரின் கேள்விக்கு அன்று நாம் உடனே விடை சொல்லவில்லை. அதற்கான விடையைத் தேடியதே இக்கட்டுரை.

கை சோர்வது ஏன்?

முயற்சி செய்யாதவரைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவது எளிது. உளவியல் வேறு விதமாகச் சொல்கிறது. 1967ஆம் ஆண்டளவில் அமெரிக்க உளவியலாளர்களான மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் நாய்களை வைத்துச் சில பரிசோதனைகள் செய்தனர். தாம் என்ன செய்தாலும் நிறுத்த முடியாத மின்னதிர்ச்சியைப் பெற்ற நாய்களிற் பல, பின்னர் ஒரு தாழ்ந்த தடுப்பைத் தாண்டினாலே தப்பலாம் என்ற நிலையிலும் தாண்டாமல் படுத்துக் கிடந்தன. அதிர்ச்சியைத் தாமே நிறுத்தப் பழகியிருந்த நாய்களோ தாண்டி ஓடின. மனிதரை விலங்கோடு ஒப்பிடுகிறோம் என்று எண்ணவேண்டாம். துன்பம் மாத்திரம் கையைச் சோரவைப்பதில்லை, 'நான் எதைச் செய்தாலும் ஒன்றும் மாறாது' என்ற அனுபவமே சோரவைக்கிறது என்பதே இங்கு பாடம்.

ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளின் பின், 2016இல், அதே இருவரும் தங்கள் முடிவைத் திருத்தி எழுதினார்கள். நீண்ட துன்பத்தில் ஒடுங்கிப்போவது நாம் கற்றுக்கொள்ளும் ஒன்றல்ல, அது மூளையின் இயல்பான எதிர்வினை. கற்றுக்கொள்ள வேண்டியது 'என் செயலால் நிலைமை மாறும்' என்பதையே என்றார்கள். கற்றுக்கொள்ளக்கூடியது என்றால் அறுபதிலும் கற்கலாம் அல்லவா?

நேர்நிலை உளவியல்

செலிக்மன் 1998இல் அமெரிக்க உளவியற் சங்கத்தின் தலைவராக இருந்தபோது, உளவியல் நோயை மாத்திரம் பார்த்தது போதும், மனிதரிடம் உள்ள பலத்தையும் படிக்கவேண்டும் என்றார். அதுவே நேர்நிலை உளவியல் எனப்படுகிறது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறு. அந்த எண்ணம் பிறந்த இடம் ஒரு தோட்டம் என்று அவரே எழுதியிருக்கிறார். களை பிடுங்கிக்கொண்டிருந்தவர், களையை எறிந்து விளையாடிய மகள்மீது எரிந்து விழுந்தார். தான் ஐந்து வயதில் சிணுங்குவதை நிறுத்த முடிந்ததென்றால் அப்பாவாலும் சிடுசிடுப்பை விடமுடியும் என்று அச்சிறுமி சொன்னது அவரை உலுக்கியது.

'நல்லதையே நினை, நல்லதே நடக்கும்' என்பது நேர்நிலை உளவியல் அல்ல. வீடிழந்தவருக்கு அப்படிச் சொல்வது புண்ணிலே உப்பிடுவதாகும். யாழ்ப்பாணத்தில் போரின் மனக்காயங்களை நீண்டகாலம் ஆராய்ந்த உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், காயம் தனிமனிதரோடு நிற்பதில்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்படுகின்றன என்று காட்டியவர். ஆகவே குணமடைவதும் சேர்ந்தே நடக்கவேண்டும்.

நாம் செய்த பிழை

இங்கே எமது பிழையொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குக் கோழிக்கூடும் குஞ்சுகளும் கொடுத்தோம். நல்ல மனதோடுதான் கொடுத்தோம். ஓராண்டின் பின் போய்ப் பார்த்தபோது கூடுகளில் விறகு அடுக்கியிருந்தது. ஒரு தாயிடம் காரணம் கேட்டோம். "நீங்கள் தந்தியள், நாங்கள் கையெழுத்து வைச்சம் சுவாமி" என்றார். என்ன தொழில், எத்தனை குஞ்சு, யாருக்கு விற்பது என்று எதையுமே நாம் அவர்களைக் கேட்டிருக்கவில்லை. நிவாரண வரிசையில் நின்று நின்று பழகிய மக்களை, தொழில் என்ற பெயரில் இன்னொரு வரிசையில் நிறுத்தியிருக்கிறோம்!

டோகோ தரும் பாடம்

மேற்கு ஆபிரிக்காவின் டோகோ நாட்டில் 1,500 சிறுதொழில் செய்வோரை மூன்று பிரிவாக்கி ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2017இல் வெளியானது. ஒரு பிரிவினருக்குக் கணக்கு, சந்தைப்படுத்தல் போன்ற வழக்கமான வியாபாரப் பயிற்சி. இன்னொரு பிரிவினருக்குத் தாமாக முன்வருவது, தூரநோக்கோடு திட்டமிடுவது, தடை வந்தால் மாற்று வழி தேடுவது ஆகிய உளவியற் பயிற்சி. மூன்றாம் பிரிவினருக்குப் பயிற்சி இல்லை. இரண்டாம் பிரிவினரின் இலாபம், பயிற்சி பெறாதவர்களைவிட 30 வீதம் கூடியது. வழக்கமான பயிற்சி பெற்றவர்களிடம் உறுதியாகச் சொல்லத்தக்க உயர்வு காணப்படவில்லை.

வயதைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவில் புதிய நிறுவனங்களைத் தொடங்கியோர் பற்றி 2020இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில், மிக வேகமாக வளர்ந்த நிறுவனங்களைத் தொடங்கியோரின் சராசரி வயது 45. அந்த நாடு வேறு, எங்கள் நிலை வேறு. ஆனாலும் தொடக்கம் என்பது இளைஞருக்கே உரியது என்ற எண்ணம் தவறு. வயது தரும் கைப்பழக்கமும் ஊர்ப் பழக்கமும் ஒரு முதல்தான்.

பெரியவரின் பனங்கிழங்கு

அந்தப் பெரியவரிடம் அடுத்த முறை போனபோது ஒரு கேள்வி மாத்திரம் கேட்டோம்: "ஐயா, யாரும் சொல்லித்தராமல் உங்கள் கைக்குத் தெரிந்தது என்ன?" சற்று யோசித்துவிட்டு, "பனங்கிழங்கு" என்றார். அரியாலை மணலில் பனைக்குக் குறைவில்லை. பனம்பழம் விழும் காலத்தில் அயல் வளவுகளில் கேட்டு ஐந்நூறு விதை பொறுக்கினார். மணலைக் குவித்துப் பாத்தி கட்டினார். மூன்று நான்கு மாதத்தில் கிழங்கு கிண்டி, அவித்து, தோலுரித்து, கிழித்துக் காயவைத்தார். புழுக்கொடியல் நெடுநாள் கெடாது என்பதால் வந்த விலைக்கு விற்க அவசரப்பட வேண்டியதில்லை.

முதலாண்டு மார்கழி மழை பாதியைப் பூஞ்சணமாக்கிவிட்டது. அன்று அவர் விட்டுவிடுவார் என்றே பயந்தோம். அவர் விடவில்லை. மறுமுறை ஒரு பகுதியைப் பச்சைக் கிழங்காகவே சந்தைக்கு அனுப்பினார். வெயில் வந்தபின் மீதியைக் காயவைத்தார். மழை அவர் கையில் இல்லை, ஆனால் எதை எப்போது விற்பது என்பது அவர் கையில் இருந்தது.

இத்தொழில் அவருடைய குடும்பத்தின் முழுச் செலவையும் தாங்குவதாக நாம் எழுதமாட்டோம். தாங்கவில்லை. ஆனால் கூட்டங்களில் இப்போது அவர் பின்வரிசையில் இருப்பதில்லை.

தொடங்க விரும்புவோருக்கு

தன்னம்பிக்கை எப்படி வளர்கிறது என்று உளவியலாளர் அல்பேட் பண்டூரா 1977இல் நான்கு வழிகளைச் சொன்னார். அவற்றை எமது முற்றத்துக்குக் கொண்டுவந்து பார்ப்போம்.

1. சொந்தக் கையால் பெறும் சிறு வெற்றி. இதுவே மிக வலியது. தோற்றாலும் தாங்கக்கூடிய அளவில் தொடங்குங்கள். நகையை அடைவு வைத்துத் தொடங்கவேண்டாம். நுண்கடன் வாரத்தவணை வடக்கில் எத்தனை பெண்களை நெரித்தது என்பதை அறிவீர்கள்.

2. எம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்த்தல். பெரிய முதலாளியின் கதையைவிட அடுத்த ஒழுங்கையில் ஒரு தாய் செய்யும் ஊறுகாய் அதிகம் கற்பிக்கும்.

3. நம்பிக்கையூட்டும் சொல். வீட்டில் ஒருவர் 'உனக்கேன் இந்த வேலை' என்று சொல்லாதிருந்தாலே பாதி வெற்றி.

4. உடலும் மனமும் அமைதி கொள்ளல். செபமும் தியானமும் இங்கே துணை. தூக்கமின்மையும் வாழ்வில் வெறுப்பும் வாரக்கணக்கில் நீடித்தால், வெட்கப்படாமல் யாழ். போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடுங்கள்.

இன்னொன்று. 2005இல் தொடங்கி களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சிறுதொழிலாளர்களுக்கு 10,000 அல்லது 20,000 ரூபா பெறுமதியான முதலைக் கொடுத்து ஆராய்ந்தபோது, ஆண்களின் இலாபம் உயர்ந்தது. பெண்களின் இலாபம் சராசரியாக உயரவில்லை. பெண்ணின் தொழிற்பணம் வீட்டுத் தேவைக்குள் போய்விடுவதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆகவே தொழிற்பணத்துக்கு வேறு உண்டியல் வையுங்கள். குடும்பத்தார் அதில் கைவைக்க வேண்டாம்.

நீதியை மறவோம்

மனதைத் திடப்படுத்துவது நிலத்துக்கு ஈடாகாது. வலிகாமம் வடக்கில் காணிகள் கட்டம் கட்டமாக விடப்பட்டாலும் முழுவதும் இன்னும் உரியவர் கைக்கு வரவில்லை. அதைக் கேட்பது உங்கள் உரிமை, உங்களோடு நின்று கேட்பது திருச்சபையின் கடமை. தன் கை இன்னும் தன்னுடையதே என்று அறிந்தவர்தான் தளராமல் கேட்பார். கடுகு விதை உவமையில் ஆண்டவர் விதையின் சிறுமையைக் குறையாகச் சொல்லவில்லை. பெரியவரின் ஐந்நூறு பனம்விதையையும் நாம் அப்படியே பார்க்கிறோம்.

குழுவில் கலந்துரையாட:

1. யாரும் சொல்லித்தராமல் எமது கைக்குத் தெரிந்த தொழில் எது?

2. கடந்த ஒரு மாதத்தில் நாமே தீர்மானித்து, நாமே செய்து, பலன் கண்டது என்ன?

3. எமது ஊரில் பின்வரிசையில் இருப்பவர் யார்? அவரிடம் என்ன கேட்கப் போகிறோம்?