கலயத்தில் ஏன் சுண்ணாம்பு?

திருநெல்வேலியிலிருந்து தாமிரபரணியின் போக்கிலேயே கிழக்கே சென்றால், ஸ்ரீவைகுண்டம் வரை நெல்லும் வாழையுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். ஆற்று நீர் எட்டாத தெற்குப் பக்கம் திரும்பினால் காட்சி மாறிவிடும். செம்மணல் தேரி, அதில் பனைமரங்கள். 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து, இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள உடன்குடி வட்டாரம் இது. அவ்வூர்க் கருப்பட்டியின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

பனை பாளை விட்டதும் பனையேறிகள் நாள்தோறும் மரமேறுவார்கள். பாளையின் நுனியை மெல்லச் சீவி, அதில் ஒரு மண் கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குவார்கள். கட்டுவதற்கு முன் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் சேருவது பதநீர். தடவாத கலயத்தில் சேருவது கள். பாளையிலிருந்து சொட்டுவது என்னவோ இரண்டிலும் ஒரே சாறுதான்! ஒரு பூச்சுச் சுண்ணாம்பு எப்படி இவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது?

பனஞ்சாற்றில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 12 கிராம் சர்க்கரை இருக்கும். நாம் காப்பியில் போடும் சீனியும் இந்தச் சுக்ரோஸ்தான். சாறு சொட்டத் தொடங்கியதுமே காற்றிலிருந்தும், பூச்சிகளின் காலிலிருந்தும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அதில் வந்து விழுகிறது. அது முதலில் இன்வர்ட்டேஸ் என்ற நொதியைக் கொண்டு சுக்ரோஸை குளுக்கோஸ், பிரக்டோஸ் என இரண்டாக உடைக்கிறது. பிறகு தன் உடலுக்குள் இருக்கும் வேறு நொதிகளால் அவற்றைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. நொதிகள், அதாவது என்சைம்கள், புரதத்தாலான கிரியா ஊக்கிகள். உயிருள்ள ஈஸ்ட் இல்லாமல், அதை அரைத்துப் பிழிந்த சாறே சர்க்கரையைப் புளிக்க வைக்கும் என்று ஜெர்மனியில் எடுவர்டு புக்னர் 1897-இல் காட்டினார்.

நொதி வேலை செய்ய வேண்டுமானால் அதன் புரதம் சரியான வடிவில் மடிந்திருக்க வேண்டும். சர்க்கரை வந்து பொருந்தும் இடத்தில் மின்னூட்டங்களும் சரியாக அமைந்திருக்க வேண்டும். சுற்றிலும் உள்ள அமில, காரத் தன்மை மாறினால் இந்த மின்னூட்டங்கள் மாறிவிடும். இன்வர்ட்டேஸுக்குப் பிடித்தது இலேசான புளிப்பு, பி.எச். அளவில் 4.5-ஐ ஒட்டி அது மிக வேகமாக இயங்கும். சுண்ணாம்பு நீரின் பி.எச். அளவோ 12-ஐத் தொடும்! அந்தக் காரம் கலந்த சாற்றில் நொதியின் வேகம் அடங்கிப் போகிறது. ஈஸ்ட் செல்லுக்குள் இருக்கும் நொதிகளைக் காரம் நேரடியாகத் தொடாது. ஆனால் அந்தச் சூழலில் ஈஸ்டே பெருக முடியாது. சாற்றைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாக்களுக்கும் அதே கதிதான். சுண்ணாம்பு இல்லாவிட்டால் பாக்டீரியா புளிப்பை உண்டாக்கும், புளிப்பு இன்வர்ட்டேஸை விரட்டும். ஆக, கெடத் தொடங்கிய சாறு தானே தன் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும்.

இந்த பி.எச். அளவுகோலை 1909-இல் வகுத்தவர் டென்மார்க்கின் சோரன்சன். நொதிகளை ஆராயும்போதுதான் அவருக்கு அது தேவைப்பட்டது. அவர் வேலை பார்த்த கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடம் ஒரு பீர் ஆலையைச் சேர்ந்தது என்பது வேடிக்கை. அங்கே நொதித்தலை நன்றாக நடத்துவதற்கு ஆராய்ச்சி. இங்கே அதை நிறுத்துவதற்குச் சுண்ணாம்பு.

சரி, கலயத்தில் சர்க்கரை நிறைய இருப்பதால்தான் சாறு வேகமாகப் புளிக்கிறதா? 1913-இல் பெர்லினில் மிகேலிஸும், கனடாவிலிருந்து வந்த மாட் மென்டன் என்ற பெண் விஞ்ஞானியும் இதே இன்வர்ட்டேஸை வைத்து இந்தக் கேள்வியை ஆராய்ந்தார்கள். சர்க்கரையைக் கூட்டினால் வேகம் கூடுகிறது. ஆனால் ஓர் எல்லை வரைதான். எல்லா நொதி மூலக்கூறுகளுக்கும் கை நிறைய வேலை கிடைத்த பின், மேலும் சர்க்கரையைக் கொட்டிப் பயனில்லை. பனஞ்சாறு அந்த எல்லையைத் தாண்டியது. எனவே அதில் வேகத்தை முடிவு செய்வது நொதியின் அளவே. கழுவாத பழைய கலயத்தில் நேற்றைய ஈஸ்ட் படிந்திருக்கும். அதில் இன்றைய சாறு விரைவில் கெடும். கலயத்தைக் கழுவிக் காயவைப்பது வெறும் சுத்தத்துக்காக மட்டுமல்ல.

அடுத்தது வெப்பம். 10 டிகிரி கூடினால் பல நொதிகளின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். தேரியில் சித்திரை வெயில் 40 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது கலயத்தில் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அதனால்தான் விடியலில் பதநீரை இறக்கி, தாமதிக்காமல் விடிலிக்குக் கொண்டுபோய் அடுப்பிலேற்றுகிறார்கள். கொதியில் நொதிகளின் மடிப்பு கலைந்து அவை செயலிழக்கின்றன. ஆனால் அதற்கு முன் நடந்த சேதத்தைக் கொதி சரிசெய்யாது. சுக்ரோஸ் பெரும்பகுதி உடைந்திருந்தால், எத்தனை நேரம் காய்ச்சினாலும் பாகு சிரட்டையில் இறுகாது, பிசுபிசுவென்றே நிற்கும். மரமேறிய உழைப்பும் எரித்த விறகும் வீண். சுண்ணாம்பை அள்ளிப் பூசிவிட்டாலும் தொல்லைதான்: பதநீர் நாக்கைக் கடிக்கும், உடைந்த சர்க்கரைகள் காரத்தில் சூடேறும்போது பாகு கறுத்துப் போகும். இந்த அளவைப் பனையேறியின் கையும் நாக்கும் அறியும்.

நீங்களே ஒன்று செய்து பாருங்கள். ரொட்டிக்குச் சேர்க்கும் ஈஸ்டைச் சர்க்கரை நீரில் கரைத்து மூன்று பங்காக்குங்கள். ஒரு பங்கைப் பெரியவர் துணையுடன் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். மூன்றையும் மூன்று குப்பிகளில் ஊற்றி, வாயில் பலூன் மாட்டுங்கள். கொதித்ததையும் கொதிக்காத ஒன்றையும் மேசை மீது வைத்து, மூன்றாவதைப் பனிக்கட்டியில் புதையுங்கள். (சுண்ணாம்பு சேர்த்து இந்தச் சோதனை வேண்டாம், அது கரியமில வாயுவையே உறிஞ்சிவிடுவதால் பலூன் உங்களை ஏமாற்றிவிடும்.) ஒரு மணி நேரத்தில் மேசை மீதுள்ள ஒரு பலூன் மட்டும் உப்பியிருக்கும். இப்போது பனிக்கட்டியிலிருந்த குப்பியை எடுத்து வெளியே வையுங்கள். சற்று நேரத்தில் அதன் பலூனும் நிமிரத் தொடங்கும். கொதித்த குப்பியின் பலூன் மட்டும் மறுநாளும் தொங்கிக்கொண்டே இருக்கும்.