மாமாவின் முதுகும் சூரியனின் மஞ்சள் கோடும்

நாமகிரிப்பேட்டையில் என் மாமாவுக்கு மஞ்சள் வெள்ளாமை. வேகவைத்த மஞ்சளைக் களத்து வெயிலில் பரப்புவது, அள்ளுவது, மறுபடி பரப்புவது என்று குனிந்து குனிந்தே முதுகு போச்சு. சேலத்துக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குக் கூட்டிப்போனேன்.

வெளியே வந்தவர் சொன்ன முதல் வார்த்தை: "மாப்ள, உள்ள எவனோ தகரத்துல சுத்தியலால அடிச்சுக்கிட்டே இருக்கான்டா!" பில்லைப் பார்த்ததும் அடுத்த வார்த்தை: "படம் புடிக்க இவ்வளவு காசா?"

நான் பி.காம். ஆச்சே! செலவுக்குக் கணக்குக் கேட்டால் சும்மா இருக்க முடியுமா? தோண்டிப் பார்த்தேன். கணக்கு சூரியன் வரை போகிறது, சார்!

அந்த மெஷினுக்குள் பிரம்மாண்டமான காந்தம். அதன் கம்பிச் சுருளில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓட வேண்டுமென்றால், மைனஸ் 269 டிகிரி குளிர் வேண்டும். அதைத் தருவது திரவ ஹீலியம். இந்த ஹீலியத்தை மனுஷன் முதலில் பார்த்தது பூமியில் அல்ல, சூரியனில்!

1868 ஆகஸ்ட் 18. முழு சூரிய கிரகணம். அன்றைய மெட்ராஸ் ராஜதானியைச் சேர்ந்த குண்டூரில் பிரெஞ்சு விஞ்ஞானி ஜான்சென் காத்திருந்தார். மசூலிப்பட்டினத்தில் மெட்ராஸ் வானாய்வுக்கூடத்தின் தலைவர் நார்மன் போக்ஸன். சூரிய ஒளியைக் கருவியால் பிரித்தால் வண்ணக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு தனிமத்துக்கும் தனிக் கோடு. நம் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் கையெழுத்து மாதிரி. அன்று ஒரு மஞ்சள் கோடு பளிச்சிட்டது. சோடியத்தின் கையெழுத்தும் மஞ்சள்தான். ஆனால், இது அதோடு சரியாகப் பொருந்தவில்லை என்று கவனித்தவர் போக்ஸன்.

கவனித்தவர் என்ன செய்தார்? அரசாங்கத்துக்கு ரிப்போர்ட் எழுதினார். விஞ்ஞானப் பத்திரிகைகளுக்கு அது போகவில்லை. படித்தவர்கள் சொற்பம்.

அக்டோபர் 20. இங்கிலாந்தில் நார்மன் லாக்கியர், கிரகணம் இல்லாமலேயே அந்தக் கோட்டைப் பார்த்தார். உடனே உலகத்துக்கு எழுதினார். 'இது புதிய தனிமம்' என்று பிற்பாடு வாதாடினார். சூரியனுக்கான கிரேக்கச் சொல்லான ஹீலியோஸிலிருந்து ஹீலியம் என்று பெயரும் வந்தது. பாடப் புத்தகத்தில் லாக்கியர் இருக்கிறார், ஜான்சென் இருக்கிறார். போக்ஸன்? ராத்திரி கண்விழித்து நாம் போட்ட ஸ்டேட்மென்ட் பீரோவிலேயே தூங்குமே, அந்தக் கதைதான்!

லாக்கியரையும் சும்மா கொண்டாடவில்லை. பூமியில் இல்லாத பொருளா என்று பலர் நம்ப மறுத்தார்கள். 27 வருஷம் கழித்து, 1895-ல் லண்டனில் ராம்ஸே ஒரு யுரேனியத் தாதுவிலிருந்து ஹீலியத்தைப் பிடித்துக் காட்டினார். 1908-ல் ஹாலந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஆன்ஸ் அதைத் திரவமாக்கினார். 1911-ல் அந்தக் குளிரில் பாதரசத்தின் மின்தடை காணாமல் போவதையும் கண்டார். அந்த வழியில் வந்ததுதான் இன்று பெரும்பாலான எம்.ஆர்.ஐ. மெஷின்களில் இருக்கும் காந்தம்.

இவர்களில் யாரும் முதுகுவலிக்கு மருந்து தேடவில்லை. ஒருத்தர் அச்சில் போட்டதை அடுத்தவர் படித்தார். அதன்மேல் ஒரு செங்கல் வைத்தார். ஆராய்ச்சியை வெளியிடுவது வெறும் பேருக்காக அல்ல. அடுத்த ஆள் தொடர்வதற்காக.

மாமாவிடம் எல்லாம் சொன்னேன். களத்து மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த மெட்ராஸ் ஆபீசர் பேரு மட்டும் விட்டுப்போச்சாடா? நீதான் பத்திரிகைக்கு எழுதறியே... ஒரு வரி போடு மாப்ள."

போட்டுவிட்டேன், மாமா!