கண்ணாடியைச் சட்டையில் துடைக்கிறீங்களா? லென்ஸில் கீறல் விழாமல் வீட்டிலேயே சுத்தம் செய்வது எப்படி?

பைக்கை நிறுத்தியதும் கண்ணாடியைக் கழற்றி, வாயால் ‘ஹா’ என்று ஊதி, சட்டை நுனியில் ஒரு தேய். கண்ணாடி போடும் பலரும் தினமும் செய்வது இதுதான். ஆனால் புதுக்கோட்டை மாதிரி புழுதி பறக்கும் ஊரில் இந்தப் பழக்கம் பர்ஸையும் பதம் பார்க்கும், பார்வையையும் மங்கலாக்கும்.

புழுதியில் அப்படி என்ன இருக்கு?

திருமயம், நார்த்தாமலை பக்கம் பாறைகளும் கல்குவாரிகளும் அதிகம். கிரானைட் பாறையிலும் சாதாரண மணலிலும் இருக்கும் முக்கியமான கனிமம் குவார்ட்ஸ். கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் இதற்கு 7. ஜன்னல் கண்ணாடிக்கே சுமார் 5.5 தான். அப்படின்னா மணல் துகள் கண்ணாடியையே கீறும். பிளாஸ்டிக் லென்ஸ் எம்மாத்திரம்?

ஆமாம், இன்று நாம் போடுவது பெரும்பாலும் பிளாஸ்டிக் லென்ஸ்தான். 1940-களில் அமெரிக்காவில் உருவான சி.ஆர்-39, அதன்பின் வந்த பாலிகார்பனேட் இரண்டுமே எடை குறைவு, எளிதில் உடையாது. ஆனால் கீறல் விழும். அதனால்தான் மேலே ஹார்டு கோட்டிங், ஆன்ட்டி-கிளேர் கோட்டிங் என மெல்லிய படலங்கள் பூசுகிறார்கள். புழுதியோடு காய்ந்த துணியில் தேய்த்தால் முதலில் அடி வாங்குவது இந்தப் படலம்தான்.

கீறல் விழுந்தா என்ன ஆகும்?

பகலில் பெரிதாகத் தெரியாது. இரவில் எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் வெளிச்சம் ஒவ்வொரு கீறலிலும் பட்டுச் சிதறும். கண் கூசும். திருச்சி சாலையில் இரவில் வண்டி ஓட்டுபவருக்கு அந்த ஒரு விநாடி ரொம்ப முக்கியம்.

சரியான முறை இதுதான்

1. முதலில் கையை சோப்பு போட்டுக் கழுவுங்க. தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெய் விரலில் இருந்தால் அது லென்ஸுக்குப் போகும்.

2. குழாய்த் தண்ணீரில் கண்ணாடியைக் காட்டுங்க. இப்போது தேய்க்க வேண்டாம். புழுதி தானாக அடித்துக்கொண்டு போகட்டும். வெந்நீர் கூடாது.

3. ஒவ்வொரு லென்ஸிலும் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு. விரல் நுனியால் இருபுறமும் மெதுவாகத் தடவுங்க. மூக்குப் பட்டை, காதில் மாட்டும் பகுதியையும் விடாதீங்க. வியர்வையும் எண்ணெயும் சேர்வது அங்கேதான்.

4. நன்றாக அலசுங்க. உங்க வீட்டில் போர் தண்ணீர் என்றால், காய்ந்தபின் உப்பு வெள்ளைப் புள்ளியாகப் படியும். கடைசியாக அரை டம்ளர் ஆர்.ஓ தண்ணீர் ஊற்றினால் போதும்.

5. தண்ணீரை உதறிவிட்டு, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்க. துடைக்கும்போது அந்தப் பக்கத்து ஃபிரேமைப் பிடித்துக்கொள்ளுங்க. இல்லையென்றால் ஃபிரேம் வளையும்.

அந்தத் துணியையும் அடிக்கடி துவைக்கணும். வாசனைக்குப் போடும் ஃபேப்ரிக் கண்டிஷனர் வேண்டாம். அது துணியில் தங்கி லென்ஸில் மங்கலாகப் படியும்.

இதெல்லாம் வேண்டவே வேண்டாம்

• டூத்பேஸ்ட்: “கீறல் மறைஞ்சிடும்” என்று வீடியோக்களில் சொல்வார்கள். பேஸ்ட்டில் இருப்பது தேய்க்கும் துகள். கோட்டிங்கையும் சேர்த்துச் சுரண்டும். விழுந்த கீறலை வீட்டில் சரிசெய்ய வழி இல்லை.

• எலுமிச்சை, வினிகர், ஜன்னல் துடைக்கும் ஸ்பிரே: அமிலமும் அம்மோனியாவும் கோட்டிங்கை அரிக்கும்.

• நெயில் பாலிஷ் ரிமூவர்: இதில் இருக்கும் அசிட்டோன் பாலிகார்பனேட் லென்ஸையே பாழாக்கும்.

• டிஷ்யூ பேப்பர், முந்தானை, துண்டு: காகித நாரும் துணியில் ஒட்டிய தூசியும் கீறும்.

வெளியில் இருக்கும்போது?

வாட்டர் பாட்டிலில் இருந்து கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, புழுதி போனபின் ஒற்றுங்க. கடையில் கிடைக்கும் லென்ஸ் ஸ்பிரேயும் பயன்படுத்தலாம். கண்ணாடியை வெயிலில் நிற்கும் கார் டேஷ்போர்டிலோ, பைக் சீட்டுக்கு அடியிலோ வைக்காதீங்க. சூட்டில் பிளாஸ்டிக் விரியும் அளவுக்குக் கோட்டிங் விரியாது. மெல்லிய வெடிப்பு வலை மாதிரி பரவும்.

கழுவியபிறகும் மங்கலாகவே தெரிகிறதா? கோட்டிங் போயிருக்கலாம். அப்படியென்றால் லென்ஸை மாற்றும் நேரம். மாற்றும் முன் கண்ணையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்க, பவர் மாறியிருக்கலாம். ஃபிரேம் நன்றாக இருந்தால் அதிலேயே புது லென்ஸ் போட முடியுமா என்று கடையில் கேளுங்க, செலவு குறையும்.