எள்ளளவு விளக்கு

போனேர் தீவில் அந்தி நீளாது. சூரியன் கடலில் இறங்கிய அரை மணிக்கெல்லாம் இருட்டு கவிந்துவிடும். அட்சரேகையைப் பார்த்தால் அது நம் புதுச்சேரிக்கு நேர்; 12 டிகிரி வடக்கு. அதனால் அந்த அவசர இருட்டு எனக்குப் பழகிய இருட்டுதான். கரையில் நின்று ஸ்கூபா சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டபோது நெஞ்சு படபடத்தது. பகலில் பலமுறை இறங்கிய கடல்தான். ஆனால் இரவில் அதற்கு வேறு முகம்.

நாங்கள் நான்கு பேர், கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். ஆம்ஸ்டர்டாமில் வேலை பார்க்கும் நண்பன்தான் எல்லாரையும் கூட்டிச் சேர்த்தான். வெனிசுலாவுக்கு வடக்கே கரீபியன் கடலில் இருக்கும் இந்தச் சிறு தீவு 2010 முதல் நெதர்லாந்தின் தனி நகராட்சி. விடுமுறைக்கு அவன் தேதி குறித்த விதம்தான் புதிராக இருந்தது. "பௌர்ணமி கழிஞ்சு நாலாம் நாள் நாம அங்க இருக்கணும்டா, மத்ததெல்லாம் உங்க இஷ்டம்" என்றான். ஏன் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

போனேரில் படகு தேவையில்லை. வாடகைக்கு எடுத்த பிக்கப் வண்டியின் பின்னால் சிலிண்டர்களை அடுக்கிக்கொண்டு கடலோரச் சாலையில் போனால், ஓரத்தில் மஞ்சள் பூசிய கற்கள் தென்படும். ஒவ்வொரு கல்லிலும் முங்கும் இடத்தின் பெயர். வண்டியை நிறுத்தி, நடந்துபோய் இறங்கினால் சில நிமிடங்களில் பவளப்பாறை. 1979 முதல் தீவைச் சுற்றியுள்ள கடல், அலை ஏறும் கோட்டிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை, பாதுகாக்கப்பட்ட பூங்கா. கையுறை போட்டு இறங்கவும் அனுமதி இல்லை. கையுறை இருந்தால் எதையாவது பிடிக்கத் தோன்றும். வெறும் கை தானாகவே விலகி நிற்கும். எனக்கு மிகவும் பிடித்த விதி இது. சில கோயில்களில் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போவது நினைவுக்கு வந்தது.

பகலில் கண்டவற்றைச் சொல்லத் தொடங்கினால் இங்கு இடம் போதாது. கிளிமீன்கள் பவளக்கல்லைக் கொறிக்கும் சத்தம் நீருக்குள் தெளிவாகக் கேட்கும். கொறித்த கல்லை அவை மணலாக வெளியேற்றுகின்றன. நாம் கால் புதையும் வெள்ளை மணலில் ஒரு பங்கு அந்த மீன்கள் அரைத்துக் கொடுத்தது. துயரமும் கண்டோம். 2014இல் புளோரிடாவில் முதலில் காணப்பட்ட ஒரு நோய், உயிருள்ள பவளத்தின் சதையை உரித்து வெறும் எலும்பாக்கும் நோய், 2023இல் போனேருக்கும் வந்துவிட்டது. மூளை வடிவப் பவளம் ஒன்று பாதி உயிரோடும் பாதி வெளுத்தும் நின்றது. அதன் முன் நான் வெகுநேரம் மிதந்தேன்.

பௌர்ணமி கழிந்த நான்காம் நாள் இரவு. எங்களை அழைத்துப் போனவர் அந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்த பெரியவர். எட்டு மீட்டர் ஆழத்தில், பவளம் இல்லாத மணல் திட்டாகப் பார்த்து எங்களை மண்டியிட வைத்தார். வழியில் டார்ச் வெளிச்சத்தில் ஒரு கிளிமீன், தன் வாயிலிருந்து ஊறிய சளியால் கண்ணாடிப் பை போல் ஒரு கூடு கட்டி அதற்குள் உறங்கியது. அதையே அதிசயம் என்று எண்ணிக்கொண்டு வந்த எங்களிடம், டார்ச்சுகளை அணைக்கும்படி சைகை காட்டினார்.

அணைத்தோம்.

என் கையே எனக்குத் தெரியவில்லை. மேல் எது, கீழ் எது என்று முழங்காலில் பட்ட மணல்தான் சொன்னது. மூச்சு வாங்கும் ஒலி. அதற்குப் பின்னால், காயும் எண்ணெயில் கடுகு வெடிப்பது போல் நாலாபுறமும் இடைவிடாத சடசடப்பு. பாறை இடுக்குகளில் வாழும் சொடுக்கு இறால்களின் ஓசை அது. அப்போது கண்ணுக்கு நேரே ஒரு நீலப் புள்ளி. சற்று மேலே இன்னொன்று. அதற்கு மேலே இன்னொன்று. ஒரே அளவாக, ஒரே வரிசையாக, கண்ணுக்குத் தெரியாத விரல்கள் இருட்டில் பூத் தொடுப்பது போல ஒரு சரம் மேலே ஏறியது. கீழ்ப்புள்ளி மங்குவதற்குள் மேலே புதுப்புள்ளி பூத்தது. பக்கத்தில் இன்னொரு சரம். பிறகு பத்து. எண்ணுவதை விட்டேன். பார்வை போகும் தூரம் வரை கடல் முழுவதும் நீலச் சரங்களாகத் தொங்கியது.

முங்குபவர்கள் இதை முத்துச்சரம் என்கிறார்கள். இதைத் தொடுப்பது ஆஸ்ட்ரகாட் என்ற உயிர். இறால், நண்டு இனத்தின் தூரத்து உறவு. சிப்பி போல் இரண்டு ஓடுகளுக்குள் வாழும். உடலின் நீளம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். ஓர் எள்.

அந்த எள்ளுக்குள் இருப்பதை என்னவென்று சொல்வது? மேலுதட்டில் உள்ள சுரப்பிகளில் இரண்டு பொருள்களைத் தனித்தனியே வைத்திருக்கிறது: எரிபொருள் போன்ற லூசிஃபெரின், அதைத் தூண்டும் லூசிஃபெரேஸ். இரண்டையும் சளியோடு நீரில் உமிழ்கிறது. கடல்நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்ததும் அவை ஒளிர்கின்றன. மின்மினியின் விளக்கு அதன் உடலுக்குள் இருக்கிறது. இதுவோ வெளிச்சத்தைத் தன்னை விட்டு நீரில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஜப்பானியக் கடலில் வாழும் இதன் உறவினத்திலிருந்து அந்த லூசிஃபெரினைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தவர் ஒசாமு ஷிமோமுரா, ஆண்டு 1956. பின்னாளில் ஜெல்லி மீனின் பச்சை ஒளிப்புரதத்துக்காக 2008இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். ஒரு மேதை படிகமாக்கப் போராடிய பொருளை, இந்த எள் தன் உதட்டிலேயே சுரக்கிறது.

இந்த விளக்கெல்லாம் எதற்கு? ஆண் பெண்ணை அழைக்கிறது. ஒவ்வோர் இனத்துக்கும் தனி வரிவடிவம் உண்டு. புள்ளிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் எரிய வேண்டும், சரம் மேலே ஏறுவதா, கீழே இறங்குவதா, சாய்ந்து போவதா என்று எல்லாம் வரையறுக்கப்பட்டிருக்கிறது. பெண் தன் இனத்தின் வரிவடிவத்தை மட்டும் அறிந்து வருகிறது. அதிலும் ஒரு நுட்பம். ஒளி இருக்கும் இடத்தில் ஆண் இருப்பதில்லை, அது முன்னே போய்விட்டது. எனவே கடைசிப் புள்ளியைப் பார்த்து, அடுத்த புள்ளி விழப்போகும் இருட்டான இடத்தைக் கணித்து அங்கே நீந்த வேண்டும். இந்தக் கணக்கை அதற்குக் கற்றுக்கொடுத்தது யார்?

ஒளிரும் ஆஸ்ட்ரகாட்கள் மற்றக் கடல்களிலும் உண்டு. அங்கெல்லாம் அந்த ஒளி ஒரு கேடயம். விழுங்கிய மீனின் வாய் இருட்டில் சட்டென்று ஒளிரும். தன்னைப் பெரிய மீன் கண்டுகொள்ளுமோ என்ற அச்சத்தில் அது துப்பிவிடும். அதே ஒளி காதல் மொழியானது கரீபியன் கடலில்தான். நிலவு இருந்தால் இந்த மொழி எடுபடாது. பௌர்ணமிக்குப் பிந்தைய நாள்களில் சூரியன் மறைந்து நிலவு எழும்வரை ஓர் இருட்டு இடைவெளி கிடைக்கிறதே, அது போதும் இவற்றுக்கு. நண்பனின் தேதிக்கணக்கு அப்போதுதான் புரிந்தது.

நீருக்கடியில் சுதந்திரமாக மூச்சுவிட உதவும் அக்வாலங் கருவியை கூஸ்தோவும் காஞ்ஞானும் உருவாக்கியது 1943இல். இந்தச் சரங்களை ஜேம்ஸ் மோரின் போன்ற அறிஞர்கள் ஆராய்ந்து விரிவாக எழுதியது 1980களில். அதற்கு முன்னே எத்தனை லட்சம் இரவுகள்! பார்க்க ஒருவரும் இல்லாத இருட்டில் இந்தத் தீபங்கள் ஏற்றப்பட்டிருக்கின்றன. நமக்கென்று ஏற்றிய விளக்கு அல்ல இது. நம்மிடம் கேட்டதெல்லாம் நம் டார்ச்சை அணைப்பது ஒன்றுதான். மணலில் மண்டியிட்ட நிலையிலேயே கைகளைக் கூப்பினேன். இருட்டில் யாரும் பார்த்திருக்க முடியாது. பார்த்திருந்தாலும் எனக்கு வெட்கமில்லை.

சரங்கள் மெல்லக் குறைந்தன. மேலேறும் வழியில் ஐந்து மீட்டர் ஆழத்தில், பாதுகாப்புக்காக வழக்கமான மூன்று நிமிடம் நின்றோம். அப்போதும் ஒருவரும் டார்ச்சைப் போடவில்லை.

கரையில் யாரும் பேசவில்லை. பெரியவரிடம் மட்டும், அவர் மொழியான பப்பியாமெந்துவில் எனக்குத் தெரிந்த ஒரே நன்றியைச் சொன்னேன்: "மாஷா டாங்கி." அவர் தலையசைத்தார். ஆம்ஸ்டர்டாம் நண்பன் ஈர உடையைக் கழற்றி, வண்டியில் இருந்த நல்ல தண்ணீர்த் தொட்டியில் அலசப் போனான். கைப்பட்டியைப் பிடித்ததும் அங்கே பொட்டாக நீலம் துளிர்த்தது. நால்வரும் குனிந்தோம்.

"டேய், நல்ல தண்ணி பட்டா செத்துடும்."

தொட்டியை விட்டுத் திரும்பினான். உடைந்த பவளக் கற்கள் காலைக் குத்தக் குத்த, இருட்டில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி, நான்கு பேரும் மறுபடி கடலுக்கு நடந்தோம். முழங்கால் ஆழத்தில் நின்று அவன் கைப்பட்டியைப் பதமாக அலசினான். நீரில் ஒருமுறை நீலம் மின்னியது. அது போகும்வரை காத்திருந்தோம்.